ஹெல்மெட் போட்டுப் பால் வாங்கிய கோடை

என் வீட்டுக்காரரின் தலையில் காக்கை முதன்முதலாகக் கொத்தியபோது, நான் சமையலறை ஜன்னல் பக்கம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

காலை ஆறரை இருக்கும். சித்திரை வெயில் அதற்குள் எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு வந்துவிட்டது. இவர் பனியனும் லுங்கியுமாகக் கேட்டைத் திறந்து, பால் பாக்கெட்டை எடுக்கக் குனிந்தார். வேப்பமரத்திலிருந்து கறுப்பாக ஏதோ இறங்கியது. 'டொக்' என்று ஒரு சத்தம். வழுக்கைத் தலை என்பதால் ஜன்னல் வரைக்கும் கேட்டது.

பாக்கெட்டைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தார். நெற்றிக்கு மேலே சின்னக் கீறல், அதில் பொட்டு வைத்த மாதிரி ரத்தம்.

"காக்கா கொத்திடுச்சுடி!"

"உட்காருங்க, மஞ்சள் வைக்கிறேன்."

"மஞ்சள் கெடக்குது. இன்னிக்கு சனிக்கிழமைடி! சனிக்கிழமை காக்கா தலையில தட்டினா என்னா அர்த்தம் தெரியுமா உனுக்கு?"

எனக்கு அர்த்தம் நன்றாகத் தெரியும். அவர் நினைத்த அர்த்தம் இல்லை. சிரிப்பை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டு மஞ்சள் டப்பாவை எடுக்கப் போனேன்.

போன வாரம் இந்தத் தொடரில் ஆய்வகத் தவளைகளைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "தவளைய எழுது, பல்லிய எழுது, என்னைய மட்டும் எழுதிடாத" என்று கேட்டுக்கொண்டார். நான் வாக்குக் கொடுக்கவில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று என் மாமியார் சொல்லி வைத்திருந்தார். முப்பத்தைந்து வருஷம் கட்டிக் காத்தது போதும். அவர் பெயர் ஏகாம்பரம்.

கிண்ணத்தில் ஏரி

எங்கள் நகர் விழுப்புரத்தின் ஓரத்தில், முன்பு ஏரியாக இருந்த இடத்தில் இருக்கிறது. ஏரியைத் தூர்த்தோம், மனை போட்டோம், வீடு கட்டினோம். வீட்டைச் சுற்றி ஒரு சாண் மண்கூடத் தெரியாமல் சிமெண்ட் பூசினோம். கோடை வந்ததும் மொட்டை மாடியில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, அதைப் போட்டோ எடுத்து, 'வாயில்லா ஜீவன்களின் தாகம் தீர்ப்போம்' என்று நகர் வாட்ஸப் குழுவில் போடுகிறோம். அதற்கு எல்லோரும் கைகூப்பும் பொம்மை அனுப்புவார்கள்.

குழுவில் கிண்ணத்தின் படம்தான் வரும். பறவை வந்து குடித்த படம் இதுவரை வந்ததில்லை. பறவைகளுக்குக் கிண்ணத்தைவிட மோட்டார் ரூமில் ஒழுகும் குழாயைத்தான் பிடிக்கிறது.

ஆனால் பிராணிகளுக்குக் குறைவில்லை. ஜீப்பில் ஏறி, தொப்பி போட்டுக்கொண்டு, காட்டுக்குள் புலி தேடப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். என் ஜன்னலில் எல்லாம் இலவசம். ஆண் தேன்சிட்டு ஒன்று தினமும் காலையில் எங்கள் ஸ்கூட்டர் கண்ணாடியில் தன்னையே எதிரியாகப் பார்த்து அரை மணி நேரம் சண்டை போடும். ஓணான் சுற்றுச்சுவர் மேல் தண்டால் எடுக்கும். இவருடைய சொந்த ஊர் கெடாரிலிருந்து வந்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைக் காயவைத்தால், அணில்கள் எங்களுக்கும் கொஞ்சம் விட்டு வைக்கும். பணி ஓய்வுக்குப் பிறகு நான் இவ்வளவு சந்தோஷமாக இருப்பேன் என்று நினைக்கவே இல்லை.

முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் விலங்கியல் நடத்தினேன். உயிரோடு ஒரு பிராணியை நிதானமாகப் பார்க்க ஓய்வு பெற்ற பிறகுதான் நேரம் கிடைத்தது.

துரட்டி போட்ட வினை

காக்கை ஏன் கொத்தியது என்று எனக்குத் தெரியும் என்றேன் அல்லவா?

வருஷப் பிறப்புக்கு வேப்பம்பூப் பச்சடி வேண்டும். பூ கடையிலேயே விற்கிறது. ஆனால் இவருக்கு வீட்டு மரத்துப் பூதான் வேண்டும். துரட்டியை எடுத்துக்கொண்டு கேட்டோரத்து வேப்பமரத்தின் கிளையை வளைத்து ஆட்டு ஆட்டு என்று ஆட்டினார். அந்தக் கிளைக்கு ஒரு முழம் மேலேதான் காக்கை கூடு கட்டிக்கொண்டிருந்தது. துடைப்பக் குச்சி, கேபிள் ஒயர், எங்கள் வீட்டு ஹேங்கர் கம்பி ஒன்று, எல்லாம் வைத்து நல்ல உறுதியான கூடு. கூடு கீழே விழவில்லை. காக்கை மட்டும் இவர் முகத்தை மனசில் குறித்து வைத்துக்கொண்டது.

காக்கைக்கு முகம் மறக்காது. கூட்டில் முட்டையும் குஞ்சும் இருக்கும் கோடையில் மரத்தடியில் யார் போனாலும் அதற்குச் சந்தேகம்தான், துரட்டிக்காரர் போனால் கேட்கவே வேண்டாம். அந்தக் கூட்டில் குயில் முட்டையும் ஒன்று இருந்திருக்கலாம். குயிலுக்கு நாம் பாட்டெழுதுவோம், அதன் பிள்ளையைக் காக்கை வளர்க்கும்.

நான் மட்டும் கொத்து வாங்கவில்லை. வெயிலுக்காக நான் குடையில்லாமல் கேட்டைத் தாண்டுவதில்லை. பழைய கறுப்புக் குடை. ஒரு பக்கம் கிழிந்து, நீலப் பூப்போட்ட துணியில் ஒட்டுப் போட்டது.

இதையெல்லாம் அவரிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேடிக்கை முடிந்துவிடும். அதனால் சொல்லவில்லை.

கருவாடு விரும்பிய மாமனார்

என் மாமனார் கெடாரில் சொந்த நிலத்தில் பயிர் வைத்தவர். கடைசிக் காலத்தில் எங்களோடு இந்த வீட்டில் இருந்தார். அவர் போன பிறகு இவர் தினமும் காக்கைக்குச் சோறு வைக்கிறார். அமாவாசை அன்று வடை, பாயசம். மற்ற நாளில் அப்பாவுக்குப் பிடித்தது, கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். காக்கை கருவாட்டை முதலில் எடுத்தால், "பாத்தியா, அப்பாதான்" என்பார். கருவாட்டை விட்டுவிட்டுக் களியை முதலில் எடுக்கும் காக்கையை நான் இன்னும் பார்க்கவில்லை.

மாமனாருக்கு மரக்காணத்துக் கருவாடுதான் வேண்டும். வேறு ஊர்க் கருவாட்டை மோந்து பார்த்தே ஒதுக்கிவிடுவார். ஆனால் அவருடைய ஒரே மகள் வள்ளி, மரக்காணம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்துப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டபோது, அவளைத் தலை முழுகினார். கருவாடு வீட்டுக்குள் வரலாம், அதைக் காயவைக்கிற வீட்டுப் பிள்ளை வரக் கூடாது. அப்பா அப்படி என்றால் அண்ணன் அவருக்கு மேலே. வள்ளி பேரையே வீட்டில் எடுக்கக் கூடாது என்றார்.

வள்ளிக்குத் தையல் என்றால் உயிர். அவள் இருந்தவரை இந்த வீட்டில் எது கிழிந்தாலும் அவள் கைக்குப் போய்த்தான் சரியாகும். என் குடையின் ஒட்டு அவள் போட்டது, தன் பாவாடைத் துணியில் மிஞ்சியதைக் கொண்டு. அவள் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒட்டு இன்னும் விடவில்லை.

படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் மாமனார், "வள்ளிய வரச் சொல்லுடா" என்றார். இவர் வெளியே போனார். கால் மணி நேரம் கழித்து வந்து, "போன் பண்ணேன்பா. வர மாட்டேன்னுட்டா" என்றார். கிழவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. அடுத்த வாரமே போய்விட்டார்.

பொண்டாட்டி அழுதால் செல்லாது

கத்திரி வெயில் தொடங்குவதற்குள் காக்கை நாலு முறை கொத்திவிட்டது. எள் தீபம் போட்டார். கோயிலில் போட்டுவிட்டு வரும்போதே கேட்டடியில் ஐந்தாவது கொத்து விழுந்தது. அன்றிலிருந்து ஹெல்மெட் போட ஆரம்பித்தார். பனியன், லுங்கி, ஹெல்மெட் என்ற கோலத்தில் பால் பாக்கெட் எடுப்பார். இஸ்திரிக்காரரிடம் ஹெல்மெட்டோடு நின்று பேசுவார். ஸ்கூட்டரில் போகும்போது மட்டும் போட மாட்டார், வியர்க்கிறதாம்.

எதிர்வீட்டு கோமதி ஒரு நாள் கொத்தமல்லி கேட்க வந்தவள், ஹெல்மெட்டைப் பார்த்து விஷயத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், எள்ளு தீபத்துக்கெல்லாம் இது அடங்காது. எங்க ஊர் பக்கம் ஒண்ணு பண்ணுவாங்க. நீங்க செத்துட்டீங்கன்னு சொந்தக்காரங்களுக்குச் சேதி சொல்லணும். அத நம்பி அவங்க அழுவணும். ஒரு சொட்டு கண்ணீர் வுழுந்தா போதும், தோஷம் கழிஞ்சிடும். உடனே, 'சும்மா சொன்னோம், நல்லாத்தான் கீறாரு'ன்னு உண்மைய சொல்லிடலாம்."

"யார் அழுதாலும் சரியா?" இவர் நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"ரத்த சொந்தம் அழுவணும் சார். பொண்டாட்டி அழுதா செல்லாது."

எனக்கு அதில் கொஞ்சம் நிம்மதிதான்.

கோமதி கொத்தமல்லியோடு போன பிறகு, இவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, தனக்காக யார் அழுவார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அந்தக் கதையை இந்தத் தொடரில் முன்பே சொல்லிவிட்டேன்.

"பெரியப்பா பையன்?" என்றேன்.

"எத்தினி மணிக்கு எடுக்குறாங்கன்னு கேப்பான். அழ மாட்டான்."

"சித்தப்பா பொண்ணு?"

"சீரியல் முடிஞ்சாதான் போனே எடுக்கும்."

இப்படியே ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு வந்தார். கடைசியில் யாரும் மிஞ்சவில்லை. மனுஷனின் முகம் சுருங்கிவிட்டது. கேலி செய்ய வாய் திறந்தவள் மூடிக்கொண்டேன். அறுபத்து மூன்று வயதில் தனக்காக அழ ஒரு ஆள் இல்லை என்று ஒருவர் கண்டுபிடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது நல்ல காட்சி இல்லை.

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வள்ளி அழுவும்."

எந்த நம்பர்?

அந்தப் பேர் இந்த வீட்டில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, "ஆனா என்கிட்ட அவ நம்பர் இல்லியே. என்னிக்குமே இருந்ததில்ல" என்றார்.

சொல்லி முடித்ததும்தான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

"அப்போ அன்னிக்கு மாமா கேட்டப்ப, நீங்க எந்த நம்பருக்குப் போன் பண்ணீங்க?"

இந்தக் கேள்வியை நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் இருந்தது. கேட்டால் வீட்டில் பேஜாராகும் என்று விட்டுவிட்டேன்.

"தெருமுனையில போய் நின்னுட்டு வந்துட்டேன்" என்றார். "அதான்டி அப்பா கொத்துறாரு. எனக்குத் தெரியும். மொதல் நாளே தெரியும்."

ஹெல்மெட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. நான் எழுந்துபோய் என் போனை எடுத்து வந்தேன். "என்கிட்ட இருக்குது" என்றேன்.

எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாமனார் போன பிறகு, மூன்று கோடைக்கு முன்பு ஒரு கல்யாணத்துக்காகத் திண்டிவனம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தையல் கடை. பெயர்ப் பலகையில் வள்ளி என்று இருந்தது. உள்ளே மிஷின் முன்னால் குனிந்திருந்தவளும் வள்ளிதான். குடையை முகத்துக்குத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேன். பலகையில் இருந்த நம்பரைக் குறித்துக்கொண்டேன். பஸ் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடையைக் கட்டினேன். விழுப்புரத்துக்கு அங்கே ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்.

"நீயே பேசு" என்றார் இவர். "செத்தவன் எப்பிடிப் பேசுறது?"

இஞ்ச் டேப்

மணி அடித்ததும் எடுத்தாள். பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம்.

"ஹலோ, யாருங்க?"

"வள்ளி... நான் அண்ணி பேசுறேன்."

மிஷின் நின்றது.

"அண்ணன்..." என்றேன். அதற்குமேல் வரவில்லை. பொய் சொல்லத் தயங்கினேன் என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். அந்தக் குரலைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. "ஐயோ, அண்ணா!" என்று ஒரு அலறல். போன் எங்கோ விழுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"அழுதாளா?" என்றார் இவர்.

"அழுதா."

கோமதி சொன்ன முறைப்படி இப்போது உண்மையைச் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பரிகாரத்தில் இந்தப் பகுதிக்குக் கோமதி வழி சொல்லவில்லை.

ஒன்றரை மணி நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. வள்ளி இறங்கி ஓடி வந்தாள். முடி அவிழ்ந்து, முகம் வீங்கி, கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டில் பந்தல் இல்லை, கூட்டம் இல்லை என்பதையெல்லாம் அவள் பார்க்கவில்லை. ஹாலுக்குள் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆட்டோ சத்தம் கேட்டு வாசலுக்குப் போகலாம் என்று எழுந்த பிணம், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு எதிரே நின்றது.

"சாவலியா நீ?"

"இல்ல வள்ளி. காக்கா..."

ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். உள்ளே இவர் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதியது. "நீ செத்தாதான் என்னைக் கூப்புடுவீங்களா? எத்தினி வருசம்! பஸ்சு பூரா அழுதுக்கினு வந்தேனே, பாவி! பக்கத்து சீட்டுல இருந்தவங்கெல்லாம் தண்ணி குடுத்தாங்க!"

பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். இவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டோடுதான்.

"அப்பா உன்னைக் கேட்டாரு வள்ளி. வரச் சொன்னாரு. நான் உனக்குப் போன் பண்ணவே இல்ல. நீ வர மாட்டேன்னுட்டன்னு அவருகிட்ட பொய் சொல்லிட்டேன். அதான் இப்ப காக்காவா வந்து கொத்துறாரு."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"கேட்டாரா? என் பேரச் சொல்லியா கேட்டாரு?"

"ம்."

இஞ்ச் டேப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "மூஞ்சி கழுவிக்கினு வர்றேன்" என்று வெளிக்குழாய்க்குப் போனாள். குழாய் வேப்பமரத்தடியில் இருக்கிறது.

இரண்டு நிமிஷத்தில் குரல் வந்தது. "அண்ணா, இங்க வா. மண்டையில அத மாட்டிக்கினே வா."

போனோம். அவள் குழாயடித் தொட்டியின் திண்டில் ஏறி நின்றுகொண்டு மேலே கை காட்டினாள். கூட்டில் சிவந்த வாய்கள் திறந்து திறந்து மூடின.

"காக்கா குஞ்சு வச்சிருக்குது. அதான் கொத்துது. அப்பாவாவது, ஆட்டுக்குட்டியாவது."

இவர் கூட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாக என்னைப் பார்த்தார்.

"நீ ஜுவாலஜி டீச்சருல்ல?"

"ஆமாங்க."

"உனக்கு இது தெரியாது?"

"கவனிக்கலீங்க" என்றேன்.

நீலப் பூ

அன்று மத்தியானம் வள்ளி எங்களோடு சாப்பிட்டாள். கருவாட்டுக் குழம்பைத் தொட்டு வாயில் வைத்து, "இது மரக்காணம் கருவாடே இல்ல அண்ணி, உங்கள நல்லா ஏமாத்திக்கினு இருக்காங்க" என்றாள். அடுத்த ஞாயிறு தன் வீட்டுக்காரரோடு வருவதாகச் சொன்னாள். இவர் தலையாட்டினார். வர வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவே அவருக்குப் பெரிய விஷயம்.

நாலு மணிக்கு அவளை வழியனுப்ப நான் கூடப் போனேன். வெயில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே குடையில் நடந்தோம். ஆட்டோ நிற்கும் முனைக்கு வந்ததும், குடையின் ஒட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இன்னும் இதேதானா அண்ணி?"

"நல்லாத்தானே இருக்குது."

"அன்னிக்கு என் கடைக்கு எதிர்ல இதைத்தான் பிடிச்சிக்கினு நின்னீங்க. மூஞ்சி தெரியல. நான் போட்ட ஒட்டு எனக்குத் தெரியாதா? ரோட்டைத் தாண்டி வருவீங்கன்னு உங்களுக்கு ஒரு டீ சொன்னேன்."

நான் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.

"ஆறிப் போச்சு" என்றாள், சிரித்துக்கொண்டே. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

குடையை மடக்கி அவள் மடியில் வைத்தேன். வேண்டாம் என்றாள். பஸ் ஸ்டாண்டில் வெயிலாக இருக்கும் என்றேன். ஆட்டோ போய்விட்டது.

வெறுந்தலையோடு வீடு வரைக்கும் நடந்தேன். கேட்டடிக்கு வரும்போது வேப்பமரத்தில் இறக்கைச் சத்தம் கேட்டது. ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

உச்சந்தலையில் நன்றாகவே விழுந்தது. கையை வைத்தால் பிசுபிசுத்தது.

இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டைப் பார்த்தவர், குஞ்சுகளைப் பார்த்தவர், காரணம் தெரிந்தவர். இருந்தும் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்டுவிடாத மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"உன்னை என்னாத்துக்குக் கொத்துச்சு? நீ என்னா பண்ணே?"

நான் மஞ்சள் டப்பாவை எடுக்க உள்ளே போனேன்.